மூன்று குரலா, நான்கு சாம்பிளா: பழைய டெமோவுக்கு டிராக்கர் இசை எதில் செய்வது?

பழைய ஹோம் கம்ப்யூட்டரில் படமும் இசையுமாக ஓடும் டெமோ நிரல் ஒன்றுக்கு இசை போட்டுத் தர ஒப்புக்கொண்டவரிடம், புரோகிராம் எழுதும் கோடர் முதலில் சொல்வது ஒரு எண்ணாகத்தான் இருக்கும். "இசைக்கு 40 கேபி, அதற்கு மேல் இல்லை" என்பார். அல்லது "ஒரு ஃபிரேமில் 25 ஸ்கேன் கோட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதே" என்பார். முதல் பேச்சு கமடோர் அமீகாக்காரருடையது, இரண்டாவது கமடோர் 64காரருடையது. (ஃபிரேம் என்பது திரை ஒரு முறை வரையப்படும் நேரம்; ஸ்கேன் கோடு அதில் ஒரு கோடு வரையும் நேரம்.) எதில் இசை செய்வது என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. "எதில் சத்தம் நன்றாக இருக்கும்" என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டிராக்கர் என்பது இசையை அட்டவணையாக எழுதும் மென்பொருள். தேர்வுக்கு உரியவை நான்கு. கமடோர் 64இன் ஒலிச் சிப்பான சிட்டுக்கு கோட்டிராக்கர் அல்லது சிட்-விசார்ட். அமீகாவில் நான்கு சேனல் மாட் கோப்பு, அதாவது புரோடிராக்கர். அதே அமீகாவில் மிகச் சிறிய கோப்பு தரும் ஏஹெச்எக்ஸ் டிராக்கர். பிசியில் எஸ்3எம், எக்ஸ்எம் கோப்புகள். நான்கிலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான். நேரம் திரையில் மேலிருந்து கீழே ஓடும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு சேனல். ஒவ்வொரு வரியிலும் ஸ்வரம், கருவி எண், ஒரு கட்டளை. இப்படிப்பட்ட வரிகளின் ஒரு தொகுப்புக்குப் பேட்டர்ன் என்று பெயர். 1986இல் ஜெர்மனியின் 64'எர் இதழில் வெளியான கிறிஸ் ஹுல்ஸ்பெக்கின் சவுண்ட்மானிட்டரும், 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமீகாவுக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரும் இந்த வழிக்கு அடித்தளம் போட்டவை.

அமீகா மாட்: நினைவகத்தில் கட்டும் விலை

அமீகாவின் ஒலிச் சிப்பான பௌலாவில் நான்கு சேனல். ஒவ்வொன்றும் 8 பிட், ஒலியளவு 0 முதல் 64 வரை. முதலாவதும் நான்காவதும் இடது பக்கம், இரண்டாவதும் மூன்றாவதும் வலது பக்கம். நடுவில் எதையும் வைக்க முடியாது. சாம்பிள்கள், அதாவது பதிவுசெய்த ஒலித் துண்டுகள், அனைத்தும் ஒலி, படச் சிப்புகள் அணுகக்கூடிய சிப் ரேமில்தான் இருக்க வேண்டும். அமீகா 500இல் அது 512 கேபி. டெமோவின் படங்களும் அதே இடத்துக்குத்தான் போட்டி போடும்.

இங்கே கணக்கு போடத் தெரியாமல் இசை போட முடியாது. பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) அமீகாவின் ஒலிக் கடிகாரம் 35,46,895 ஹெர்ட்ஸ். அதை ஸ்வரத்தின் உயரத்தைக் குறிக்கும் பீரியட் எண்ணால் வகுத்தால் நொடிக்கு எத்தனை பைட் ஓடுகிறது என்பது வரும். சி-2க்கு (இரண்டாம் ஸ்தாயியின் சி ஸ்வரம்) பீரியட் 428, ஆகவே நொடிக்கு 8,287 பைட். சி-3க்கு 214, அதாவது 16,574. கோடர் சொன்ன 40 கேபிக்குள் ஒரு பாட்டைக் கட்டிப் பார்ப்போம். 0.2 நொடி கிக் சி-3இல் 3.3 கேபி. 0.25 நொடி ஸ்னேர் 4.1 கேபி. 0.06 நொடி ஹை-ஹேட் 1 கேபி. லூப் போட்ட பேஸ் 2 கேபி. சி-2இல் அரை நொடி நீளமுள்ள இரண்டு கார்ட், ஒன்று மேஜர், ஒன்று மைனர், சேர்த்து 8.3 கேபி. மொத்தம் 18.7. பேட்டர்ன் ஒன்றுக்கு 64 வரி × 4 சேனல் × 4 பைட், அதாவது 1,024 பைட். 20 பேட்டர்ன் போட்டால் 20 கேபி. தலைப்பகுதி 1,084 பைட். அத்தோடு 40 கேபி நிறைந்தது.

கவனித்தீர்களா, பாதிக்கு மேல் தின்றது சாம்பிள் அல்ல, பேட்டர்ன். புதிதாக வருபவர்கள் சாம்பிளைச் சுரண்டிச் சுரண்டி ஒலியைக் கெடுத்துக்கொள்வார்கள்; மெலடியில் ஒரு ஸ்வரம் மாறியதற்காக முழுப் பேட்டர்னையும் நகலெடுத்து வைத்திருப்பார்கள். மாட் கோப்பில் நான்கு சேனலும் ஒரே பேட்டர்னுக்குள் கட்டுண்டவை. பேஸ் அப்படியே இருந்து மெலடி மட்டும் மாறினாலும் இன்னொரு 1,024 பைட் போயிற்று. கடைசியில் தி பிளேயர் 6.1 போன்ற, கோப்பைச் சுருக்கும் பேக்கரில் போட்டால் வெற்றுக் கட்டங்கள் நன்றாகச் சுருங்கும். அதை நம்பி முதலிலேயே தாராளம் காட்டாமல் இருப்பது நல்லது.

கார்டை இரண்டு வழியில் தரலாம். மூன்று ஸ்வரத்தையும் கலந்து ஒரே சாம்பிளாக வைத்துக்கொண்டால் ஒரே சேனலில் முழு கார்ட் கிடைக்கும், நினைவகம் போகும். அல்லது ஆர்பெஜியோ: மேஜருக்கு 047, மைனருக்கு 037; எண்கள் அடி ஸ்வரத்திலிருந்து எத்தனை அரைஸ்வரம் மேலே என்பதைக் குறிப்பவை. ஒவ்வொரு டிக்குக்கும், அதாவது நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு, ஒரு ஸ்வரமாக மாறி மாறி ஒலிக்கும். ஸ்பீடு 6 என்றால் ஒரு வரிக்கு ஆறு டிக், மூன்று ஸ்வரம் சரியாக இரண்டு சுற்று. ஸ்பீடு 5 வைத்தால் ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு என்று வந்து அடுத்த வரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காதில் ஒரு நொண்டல் கேட்கும். ஸ்பீடு 5இல் ஆர்பெஜியோ வேண்டாம் என்று சிலர் சொல்வதன் காரணம் இந்த வகுத்தல் மீதிதான்.

நினைவகத்தை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் வித்தை, ஒற்றைச் சுழற்சி அலை. 32 பைட்டில் ஒரு சதுர அலையையோ ரம்பப்பல் அலையையோ வரைந்து முழுவதையும் லூப் போட்டால், சி-2இல் 8,287 ÷ 32 = 259 ஹெர்ட்ஸ். நடு சிக்கு மிக அருகில் வந்துவிட்டது. மிச்சத்தை ஃபைன்டியூன் பார்த்துக்கொள்ளும். பேஸ் வேண்டுமா, 64 அல்லது 128 பைட்டில் வரையுங்கள். உயரமான லீடுக்கு 16 பைட் போதும். அமீகாவில் சிப்டியூன் என்று சொல்லப்படும் பாணியின் கருவிப்பெட்டி பெரும்பாலும் இவ்வளவுதான்.

எங்கே சறுக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட் கோப்பு பார்க்க எளிமையாக இருந்து கழுத்தறுக்கும். லூப் இல்லாத சாம்பிள் முடிந்ததும் பௌலா சும்மா நிற்பதில்லை, சாம்பிளின் முதல் இரண்டு பைட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு பைட்டும் பூஜ்யமாக இல்லாவிட்டால் மெல்லிய கீச்சொலி நிற்காமல் கேட்கும். சாம்பிள் எடிட்டரில் பெரிதாக்கிப் பார்த்து, அந்த இரண்டையும் கையால் பூஜ்யமாக்குங்கள். சாம்பிள் நீளமும் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். பௌலா இரண்டிரண்டு பைட்டாகத்தான் எடுக்கும்.

அடுத்தது வேகத்தை மாற்றும் எஃப் கட்டளை. எஃப்1எஃப் வரை ஸ்பீடு, எஃப்20இலிருந்து டெம்போ. இது அமீகாவின் சிஐஏ சிப்பிலுள்ள டைமரை வைத்து ஓடும் பிளேயரில், அதாவது பாட்டை வாசிக்கும் நிரலில்தான் உண்மை. டெமோக்களில் பிளேயர் பெரும்பாலும் திரை ஒவ்வொரு முறை வரைந்து முடியும்போது வரும் விபிளாங்க் துடிப்பிலேயே ஓடும், கோடருக்கு அதுதான் வசதி. அங்கே எஃப்7டி (பதினாறடி எண்ணில் 7டி என்பது 125) என்று எழுதியிருந்தால் பிளேயர் அதை "ஒரு வரிக்கு 125 டிக்" என்று எடுத்துக்கொண்டு பாட்டை ஆமையாக்கிவிடும். விபிளாங்க்தான் என்றால் கிடைக்கும் வேகங்கள் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) 750ஐ ஸ்பீடால் வகுத்தவை மட்டுமே: 7க்கு 107, 6க்கு 125, 5க்கு 150. இடையில் வேண்டுமானால் ஒற்றைப்படை வரியில் எஃப்06, இரட்டைப்படை வரியில் எஃப்05 போட்டு 136க்கு வரலாம். எஃப்07, எஃப்05 என்று மாற்றினால் சராசரி அதே 125, ஆனால் ஊஞ்சல் நடை வந்துவிடும். இந்த வித்தை கமடோர் 64இலும் அப்படியே செல்லும்.

64 வரிப் பேட்டர்ன் ஆதி தாளத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அட்சரத்துக்கு நான்கு வரி என்றால் சரியாக இரண்டு ஆவர்த்தனம். மிஸ்ர சாப்பு மாதிரி ஏழில் போக வேண்டுமென்றால் 56ஆவது வரியில் (திரையில் 55) டி00 போட்டு அடுத்த பேட்டர்னுக்குத் தாண்டுங்கள்.

இழைப்பு வேண்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. மாட் கோப்பில் ஸ்வரத்தை நகர்த்துவது பீரியட் எண்ணைக் கூட்டிக் குறைப்பதுதான். சி-1இல் பீரியட் 856; அங்கே ஒரு படி என்பது 2 சென்ட் (அரைஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பி-3இல் பீரியட் 113; அதே ஒரு படி 15 சென்ட். கீழ் ஸ்தாயியில் எண்ணெய் போல வழுகும் அதே வைப்ரேட்டோ, மேலே போனால் படிக்கட்டு இறங்கும். மெலடி வாத்தியத்தை ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பெரிய பீரியட் எண்ணில் வாசிக்கும்படி அலையைப் பாதி நீளத்துக்கு வரைந்துகொள்வதுதான் மருந்து.

கமடோர் 64: நேரத்தில் கட்டும் விலை

பாப் யான்னஸ் வடிவமைத்த சிட் சிப்பில் மூன்று குரல். முக்கோணம், ரம்பப்பல், பல்ஸ், இரைச்சல் என்று நான்கு அலை, குரலுக்கு ஒரு ஏடிஎஸ்ஆர் (ஸ்வரத்தின் ஒலியளவு ஏறி இறங்கும் விதம்), மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஃபில்டர். சாம்பிள் கிடையாது, ஆகவே நினைவகப் பிரச்சினையும் இல்லை. பிளேயரையும் சேர்த்து ஒரு பாட்டு சில கேபியில் முடிந்துவிடும். வழக்கமாக நினைவக முகவரி $1000இல் ஏற்றி, தொடக்கத்துக்கு $1000, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் $1003 என்று அழைப்பார்கள். அந்த இடம் காரணத்தோடு வந்தது: வீடியோ சிப்பின் முதல் வங்கியில் $1000 முதல் $1எஃப்எஃப்எஃப் வரை அது பார்ப்பது எழுத்துரு ரோமை (ROM) மட்டுமே. படம் வைக்க உதவாத நிலம், இசைக்குக் குடியிருக்கக் கொடுத்துவிட்டார்கள்.

செலவு வேறிடத்தில். பால் இயந்திரத்தில் ஒரு ஃபிரேம் 312 கோடு, கோட்டுக்கு 63 சைக்கிள், மொத்தம் 19,656. பிளேயர் 25 கோடு எடுத்தால் 1,575 சைக்கிள், அதாவது 8 சதவீதம். அமீகாவில் சாம்பிளை ஓட்டுவது, செயலியின் உதவியின்றி நினைவகத்தைப் படிக்கும் டிஎம்ஏவின் வேலை, செயலி ஏறக்குறைய சும்மா இருக்கும். இங்கே ஒவ்வொரு ஃபிரேமிலும் அலை, பல்ஸ் அகலம், அதிர்வெண், ஃபில்டர் எல்லாவற்றையும் செயலியே எழுதித் தள்ள வேண்டும். ஃபிரேமுக்கு இரண்டு முறை பிளேயரை ஓட்டும் இரட்டை வேகப் பாட்டு காதுக்கு இனிமை. கோடருக்கோ 16 சதவீதம் பறிபோகிறது. கேட்காமல் செய்தால் சண்டை நிச்சயம்.

கருவி செய்வதும் இங்கே சாம்பிள் தேடும் வேலை அல்ல, அட்டவணை எழுதும் வேலை. ஒரு கிக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் ஃபிரேமில் அலைப் பதிவேட்டில் 81, உயர்ந்த அதிர்வெண்ணில் இரைச்சல். அதுதான் தோலில் விழும் அடி. இரண்டாம் ஃபிரேமில் 41, நடு அதிர்வெண்ணில் பல்ஸ். மூன்று, நான்கு, ஐந்தில் அதே 41, ஒவ்வொன்றிலும் அதிர்வெண் சரசரவென்று கீழே. ஐந்து ஃபிரேம், 100 மில்லிநொடி, பத்துப் பன்னிரண்டு பைட். ஆறாவது ஃபிரேமிலிருந்து அதே குரலில் பேஸ் ஸ்வரத்தைத் தொடரவிட்டால் ஒரு குரலில் இரண்டு வாத்தியம். ஸ்னேரை ஆர்பெஜியோ குரலுக்குள் ஒளித்துவிட்டால் மூன்றாவது குரல் முழுக்க மெலடிக்கு. மூன்று குரலில் ஐந்து வாத்தியம் கேட்பது இப்படித்தான்.

பேட்டர்ன் விஷயத்தில் கமடோர் 64 டிராக்கர்கள் அமீகாவை விடக் கெட்டிக்காரத்தனமானவை. கோட்டிராக்கரில் ஒவ்வொரு குரலுக்கும் தனி வரிசைப் பட்டியல். பேஸ் பேட்டர்ன் ஒன்றை ஒரு முறை எழுதி, பட்டியலில் சுருதி மாற்றி மாற்றி இருபது இடத்தில் அழைக்கலாம். பேட்டர்ன் நீளமும் உங்கள் இஷ்டம். ஏழு அட்சரமா, ஐந்தா, யாரும் கேட்கமாட்டார்கள். அதிர்வெண் பதிவேடு 16 பிட் என்பதால் 440 ஹெர்ட்ஸில் மதிப்பு 7,493 வரை போகிறது. வைப்ரேட்டோவும் வழுக்கலும் மேல் ஸ்தாயியிலும் படி தெரியாமல் ஓடும். மெலடியை நாகசுரம் போல இழைக்க நினைப்பவருக்கு நான்கு சேனலை விட இந்த மூன்று குரலே மேல் என்பேன்.

ஆனால் சிட்டில் பெயர் பெற்ற ஒரு கோளாறு உண்டு. ஏடிஎஸ்ஆரின் உள் எண்ணி 15 பிட். எண்ணி ஏற்கெனவே தாண்டிவிட்ட ஒரு சிறிய மதிப்பை நீங்கள் புதிதாகக் கொடுத்தால், அது 32,768 வரை போய்ச் சுற்றி வந்த பிறகுதான் வேலை தொடங்கும். சுமார் 33 மில்லிநொடி தாமதம். சில ஸ்வரம் சரியாக வரும், சில பிந்தும், சில விழவே விழாது. இதற்கான வைத்தியம் ஹார்ட் ரீஸ்டார்ட்: புதிய ஸ்வரத்துக்கு இரண்டு ஃபிரேம் முன்பே, ஸ்வரத்தைத் திறந்து மூடும் 'கேட்' பிட்டை அணைத்து, ஏடிஎஸ்ஆரைப் பூஜ்யமாக்கிவிடுவது. அந்த இரண்டு ஃபிரேம் முந்தைய ஸ்வரத்தின் வாலிலிருந்துதான் வெட்டப்படுகிறது. வரிக்கு ஆறு ஃபிரேம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று என்றால் மூன்றில் இரண்டு போயிற்று; பாட்டு கடித்துக் கடித்து ஒலிக்கும்.

இன்னொன்று, சிப்பே இரண்டு ஜாதி. பழைய 6581இன் ஃபில்டர் ஒவ்வொரு சிப்பிலும் ஒவ்வொரு மாதிரி. ஒருவர் வீட்டில் கனமாக உறுமும் பேஸ் இன்னொருவர் வீட்டில் மூக்கடைத்ததுபோல் இருக்கும். புதிய 8580இல் ஃபில்டர் ஒழுங்கானது, கலப்பு அலைகளும் தெளிவானவை, ஆனால் ஒலியளவுப் பதிவேட்டை ஆட்டி வாசிக்கும் டிஜி டிரம் கிட்டத்தட்டக் கேட்காமல் போய்விடும். ஏதாவது ஒன்றுக்கு எழுதுங்கள், எது என்று வெளியீட்டுக் குறிப்பில் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் எழுதினால் இரண்டிலும் சுமார்தான்.

ஏஹெச்எக்ஸ், பிசி

அமீகாதான் மேடை, ஆனால் இசைக்கு மூன்று நான்கு கேபிதான் இடம் என்றால் ஏஹெச்எக்ஸ். அபிஸ் குழுவின் டெக்ஸ்டரும் பிங்க்கும் செய்தது. சிட் மாதிரி அலைகளை அமீகாவே கணக்கிட்டு நான்கு சேனலில் ஓட்டும். பேட்டர்னும் சேனல் வாரியாக, சுருதி மாற்றத்தோடு. கோப்பு சிறியது என்பதால் ஏமாந்துவிடாதீர்கள். ஃபில்டர் போட்ட அலைகளைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டு ரேமில் அடுக்கிவைக்கும், அதற்கு இடமும் சில நொடியும் வேண்டும். வட்டில் கோப்பு எவ்வளவு, ஓடும்போது ரேம் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் கோடரிடம் சொல்லிவிடுங்கள். உண்மையான டிரம் ஒலியை எதிர்பார்ப்பவருக்கு இது ஒத்துவராது.

பிசி டிராக்கர்கள் 90களின் நடுவில் வந்த வசதி. ஃபியூச்சர் க்ரூவின் ஸ்கிரீம் டிராக்கர் 3, டிரைடனின் ஃபாஸ்ட்டிராக்கர் 2, ஜெஃப்ரி லிம்மின் இம்பல்ஸ் டிராக்கர். 32 சேனல், 64 சேனல், 16 பிட் சாம்பிள், என்வலப். சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையில் இத்தனை சேனலையும் செயலி கலக்க வேண்டும். கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் அட்டை தானே கலக்கும், ஆனால் 14 குரல் வரைதான் 44.1 கிலோஹெர்ட்ஸ், 32 குரலும் திறந்தால் 19.2க்கு இறங்கிவிடும். பழகுவதற்கு எக்ஸ்எம்மில் தொடங்குவது சுலபமாகத் தோன்றும், நான் பரிந்துரைக்கமாட்டேன். சேனல் தீராது என்று தெரிந்ததும் கை அடுக்கத் தொடங்கிவிடும். நான்கு சேனலில் எதை விடுவது என்று யோசிக்கும் பழக்கம் பிறகு வருவது கடினம்.

முதல் பாட்டுக்கு எது என்று கேட்டால், புரோடிராக்கரில் நான்கு சேனல், எட்டு சாம்பிளுக்குள். இன்றைய கணினியில் பிடி2-குளோன் போதும், தோற்றமும் நடத்தையும் மூலத்தைப் போலவே. ஓபன்எம்பிடி வசதியானது, ஆனால் புரோடிராக்கர் ஏற்காத உயர ஸ்வரங்களை எழுதவிட்டுவிடும், அமீகாவுக்குப் போனதும்தான் தெரியும். பேஸை இடது பக்கம் வைத்தால் கிக்கை வலது பக்கம் வையுங்கள். மெலடியின் எதிரொலியை மூன்று வரி தள்ளி, எதிர்ப்பக்கச் சேனலில், சி14 கட்டளை தரும் ஒலியளவில் வைத்தால் ஹெட்ஃபோனில் காது ஒருபக்கமாக இழுக்காது. ஒலியைத் தேடுவதை விட நிரல் போல எழுதுவதில் சுகம் காண்பவரானால் முதலே கோட்டிராக்கருக்குப் போகலாம். சாம்பிள் வைத்து வளர்ந்தவருக்கு அந்த அட்டவணைகள் முதல் இரண்டு வாரம் கசக்கும்.

கோடர் கைக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. மாட் என்றால் வேகமான செயலி போட்ட அமீகா 1200இலும் ஓட்டிப் பாருங்கள். பழைய பிளேயர்கள் டிஎம்ஏவை நிறுத்தித் தொடங்கும் இடைவெளியை வெற்றுச் சுற்றால் அளந்தவை. வேகமான செயலியில் அந்தச் சுற்று சட்டென்று முடிந்து, ஸ்வரங்கள் அங்கங்கே விழுந்துபோகும். அது உங்கள் பாட்டின் பிழை அல்ல, பிளேயரை மாற்றச் சொல்லுங்கள். சிட் என்றால் வைஸ் எமுலேட்டரில் 6581, 8580 இரண்டையும் மாற்றிக் கேளுங்கள், பிறகு அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சிக்கு மாற்றுங்கள். ஃபிரேம் 50இலிருந்து 60 ஆவதால் பாட்டு 20 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் 3.8 சதவீதம் ஏறும். அதைச் சரிசெய்ய ஆறு ஃபிரேமுக்கு ஒரு முறை பிளேயரை அழைக்காமல் விடுவதா, வேண்டாமா என்று கோடர் கேட்பார். ஹார்ட் ரீஸ்டார்ட் நடுவில் அந்தத் தவிர்ப்பு விழுந்தால் என்ன ஆகிறது என்பதை ஒரு முறை கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.